ஸ்டார்ட் கிளாக் வாங்குகிறவர்களே, கொஞ்சம் காதையும் கவனியுங்கள்

ரேடியோ கன்ட்ரோல் படகுப் பந்தயத்துக்கு ஸ்டார்ட் கிளாக் (தொடக்கம் வரை நொடிகளைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கி எண்ணும் கடிகாரம்) எடுக்கும்போது, எண் எத்தனை பெரிசு என்றுதான் எல்லாரும் பார்க்கிறார்கள். ஓட்டுகிறவர் கண் படகின் மேல் இருக்கும். கடிகாரத்தை எப்போது பார்ப்பது? உச்சி வெயிலில் சிவப்பு எல்இடி எரிகிறதா என்றே தெரியாது. சத்தம்தான் முக்கியம். அதற்கும் ப்ளூடூத் ஸ்பீக்கரை மாட்டிவிடுகிறார்கள், புண்ணியவான்கள்! ப்ளூடூத்தில் ஒலி கொஞ்சம் பிந்தித்தான் வரும். 0.2 நொடி பிந்தினாலே போதும், மணிக்கு 100 கிலோமீட்டரில் வரும் படகு ஸ்டார்ட் கோட்டில் ஐந்தரை மீட்டர் பின்தங்கிவிடும். ரேடியோ கன்ட்ரோல் பாய்மரப் படகு விதியோ, சத்தம் தொடங்கும் கணத்தையே கணக்கில் எடுக்கச் சொல்கிறது. கடைசி நிமிடத்தில் 10 நொடிக்கொரு முறை, கடைசி 10 நொடியில் நொடிக்கொரு முறை குரல் வேண்டும். சில கடிகாரங்களில் எல்லாமே ஒரே ‘பீப்’. இதில் எது பூஜ்ஜியம்? ஒயர் போட்ட ஹார்ன் ஸ்பீக்கர், ஸ்டார்ட்டுக்குத் தனி நீள ஒலி. இதைக்கூடத் தர முடியாதா?