மட்டேரா குகை வீடுகள்: இடைவிடாமல் யாரும் வாழவில்லை
இத்தாலியின் மட்டேராவில் 9,000 ஆண்டுகளாக மக்கள் இடைவிடாமல் குகை வீடுகளில் வாழ்கிறார்கள் என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தவறு. மட்டேரா இருப்பது பசிலிக்காடா என்ற, அன்று ஏழையாக இருந்த விவசாயப் பகுதியில். 1950 வாக்கில் சுமார் 15,000 பேர் அந்தக் குகைகளில் இருந்தார்கள். வாசல் வழியாக வரும் வெளிச்சம்தான், உள்ளே ஒரே அறையில் கட்டில், அதற்கடியில் கோழிகள், பின்பக்கம் கோவேறு கழுதை, அப்புறம் மலேரியா வேறு, குழந்தைகள் நிறைய இறந்தார்கள். 1952-இல் இத்தாலியப் பிரதமர் தே காஸ்பெரியின் அரசு சட்டம் போட்டு அவர்களை லா மார்த்தெல்லா போன்ற புதுக் குடியிருப்புகளுக்கு மாற்றியது. குகைகள் பல ஆண்டுகள் பெரும்பாலும் காலியாகவே கிடந்தன. குகைகளைச் சீரமைக்க 1986-இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் வேலை சூடுபிடித்தது, 1993-இல் அந்தக் குகைப் பகுதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. இன்று படங்களில் அழகாகத் தெரியும் பல குகைகள் ஓட்டல் அறைகள். அங்கே பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்களின் கதையைத் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள்.