கொலுசுக்கு ஒரு தாழ்வாரம்

எங்கள் ஆச்சிக்குக் கணுக்காலுக்குச் சற்று மேலே சதை வளையமாக மடிந்து தொங்கும். அதற்குக் கீழே பாதம் மட்டும் சின்னப் பிள்ளை பாதம் போல ஒல்லியாக இருக்கும். "ஏட்டி, என் கொலுசு தாழ்வாரத்துல ஒதுங்கிக் கெடக்கு பாரு" என்று சிரிப்பாள். மடியில் பேரப்பிள்ளைகளை மட்டும் உட்கார விடமாட்டாள். தொடை வலிக்கிறது என்பாள், நாங்கள் நம்பியதில்லை.

அம்மாவுக்கும் அதே கால். எனக்கு வயசுக்கு வந்த வருஷம் தொடங்கி, இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு முற்றியது. வீட்டில் அதைக் குடும்ப வாகு என்றார்கள். தெருவில் ஒருத்தி யானைக்கால் என்றாள்.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு ரத்தநாள மருத்துவர் என் கால் விரலின் அடித் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்தார். தூக்க வந்தது. யானைக்கால் வீக்கமென்றால் பெரும்பாலும் வராதாம், பாதத்தையும் அது விட்டுவைக்காதாம். "இது லிப்பிடீமாம்மா" என்றார். காலில் கொழுப்பு சேர்ந்து வலிக்கிற நோய். 1940லேயே அமெரிக்காவில் மேயோ கிளினிக்கின் ஆலன், ஹைன்ஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் எழுதி வைத்த நோய். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் 2022 முதல் நடைமுறையில் இருக்கும் பதிப்பில் இதற்குத் தனி இடமே உண்டு. அதற்கு முன்னால் நான் பார்த்த டாக்டர்கள் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "நடங்க, குறையும்."

என் சண்டை அந்தக் "குறையும்" என்ற சொல்லோடு.

அதை நம்பித்தான் ஒரு ஜிம்மில் சேர்ந்தேன். முதல் நாளே கயிறு கொடுத்துக் குதிக்கச் சொன்னார்கள். வாரா வாரம் எடை மெஷின். ஐந்து மாதத்தில் ஏழு கிலோ இறங்கியது. கன்னம் ஒட்டிப்போனது, ஜாக்கெட்டுகளையெல்லாம் பிடிக்கக் கொடுத்தேன். கால் அசையவில்லை. தொடையெல்லாம் நாவல்பழம் நசுக்கிய மாதிரி நீலக் கன்றல், எங்கே இடித்தேன் என்று எனக்கே தெரியாது. மாஸ்டர் தம்பி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "மேடம், ராத்திரி சோறு சாப்பிடுறீங்கதானே? உண்மையைச் சொல்லுங்க." அன்றோடு நின்றேன். நின்றபின் இரண்டு வருஷம் வாசலுக்கு மேல் நடக்கவில்லை. இந்த நோயில் பல பேர் பயிற்சியை விடுவது சோம்பலால் இல்லை என்பேன். நடக்காத ஒன்றை வாக்குக் கொடுத்துக் கூட்டிப்போவதால்தான் விடுகிறார்கள்.

போன வாரம் ஒரு தங்கை உள்பெட்டியில், "அக்கா, ஆறு மாசமா செய்றேன், ஒரு இஞ்ச் குறையல, நிப்பாட்டிரவா?" என்று கேட்டாள். இல்லடா, அளவு டேப்பை மட்டும் நிப்பாட்டு. பிறகு எனக்குக் கிடைத்த பிசியோதெரபிஸ்ட் முதல் நாள் கேட்ட கேள்விகள் இவை: மாடி ஏற எத்தனை தடவை நிற்கிறீர்கள்? சாயங்காலம் வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க்? தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடிகிறதா? எடை கேட்கவே இல்லை.

அவர் கொடுத்ததும் சின்ன வேலைகள்தான். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவது, வயிறு உப்ப மூச்சு. ஆடுசதை ஒவ்வொரு தடவை இறுகும்போதும் கீழே தேங்கியதைப் பிழிந்து மேலே அனுப்புகிறது. முட்டி உள்பக்கமாகச் சாய்கிற எங்களுக்குத் தொடைத் தசைதான் முட்டுக்கொடுப்பு. குதிப்பது வேண்டாம். மறுநாளும் வலி இருந்தால் அடுத்த நாள் பாதியாகக் குறைக்க வேண்டும். கொழுப்பு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் பத்துக்கு எட்டாக இருந்த வலி நாலு மாதத்தில் நாலாயிற்று. இந்த நோய்க்கென்று நடந்த பயிற்சி ஆய்வுகள் சொற்பம், அதனால் எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்லமாட்டேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊர் தாமிரபரணிக் கரை. ஆச்சி இடுப்பளவு ஆற்றில் அரைமணி நேரம் சும்மா நிற்பாள், "காலு லேசாயிரும்" என்பாள். கணக்கு இப்போதுதான் புரிகிறது. ஒரு மீட்டர் ஆழத்தில் தண்ணீர் காலை அழுத்துவது, பிரஷர் பார்க்கும் அதே அளவையில் 70க்கு மேல். எனக்கு எழுதிக்கொடுத்த இறுக்கக் காலுறை 23 முதல் 32 வரைதான், அதையும் சித்திரை வெயிலில் மாட்ட அரைமணி ஆகும். தண்ணீரோ கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் தானாகவே பிடிக்கிறது. முட்டியில் பாரமும் இல்லை.

இதற்காக ஒரு நீச்சல்குளத்துக்குப் போனேன். "நீந்தணும், நடக்கக்கூடாது. நீந்தத் தெரியாட்டி பிள்ளைங்க குளத்துக்குப் போங்க" என்றார் அங்கிருந்தவர். அந்தக் குளம் முழங்கால் ஆழம். பெண்களுக்கென்று நேரம் கேட்டேன், மதியம் பன்னிரண்டு மணி என்றார், வேலைக்குப் போகிறவள் எப்படி வருவாள்? லட்சக்கணக்கில் குளம் கட்டுகிறவர்களே, நெஞ்சளவுப் பக்கத்தில் காலையில் ஒரு மணி நேரம் பெண்கள் நடக்க விட்டால் என்ன குறைந்துவிடும்?

அதுவரை எனக்கு ஆறுதான். காலில் கீறல் இருந்தால் இறங்கமாட்டேன், சாக்கடை கலக்கும் இடம் பக்கமே போகமாட்டேன். நேற்றிலிருந்து பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்துவிட்டிருக்கிறார்கள், இழுப்பு அதிகம். நாளைக்கு மொட்டைமாடிப் படிதான். பதினெட்டுப் படி, போன மாதம் நடுவில் ஒரு தடவை நின்றேன்.