நாலாம் பாகம் என்றாலே விண்வெளிதானா?

நேற்று ராத்திரி 'லெப்ரகான் 4' என்ற திகில் படத்தைப் பார்த்துத் தொலைத்தேன். வயிறு எரிகிறது. 1993இல் வந்த முதல் படத்தில் லெப்ரகான் என்ற அந்தக் குட்டிப் பிசாசுக்கு என்று ஒரு குணம் இருந்தது. துரத்தி வரும்போது அழுக்கு ஷூவை வீசினால் போதும், கொலையை மறந்துவிட்டு உட்கார்ந்து துடைக்கும். அதற்காகத்தானே அதை ரசித்தோம்? நாலாம் பாகத்தில் திடீரென்று வேற்றுக் கிரகத்தில் நிற்கிறது. எப்படிப் போனது? யார் ஏற்றிவிட்டார்கள்? ஒரு வரி விளக்கம் கிடையாது. இளவரசியைக் கட்டிக்கொண்டு ராஜாவாக வேண்டுமாம்!

'ஹெல்ரெய்சர்' என்ற திகில் பட வரிசையின் நாலாம் பாகமும் 1996இல் அங்கேதான் போனது. 'கிரிட்டர்ஸ்' வரிசையின் நாலாம் பாகம் 1992இலேயே போய்விட்டது. சரி, அதில் வரும் ஜந்துக்கள் வந்ததே விண்வெளியிலிருந்துதான், அதை மன்னித்துவிடலாம். மற்றதுகளுக்கு அங்கே என்ன வேலை?

படம் எடுக்கக் கையில் காசு இல்லையென்றால் ஒரு பாழடைந்த வீடு போதாதா? ஒரு கிணறு, ஒரு மாட்டுக்கொட்டகை போதாதா? இருட்டு இலவசம்தானே! அதை விட்டுவிட்டு இரும்பு நடைபாதை, நாலு குழாய், கொஞ்சம் புகை, இதுதான் விண்கலம் என்கிறார்கள். லெப்ரகானாக நடிக்கும் வார்விக் டேவிஸ் முகம் முழுக்க ஒப்பனையைச் சுமந்துகொண்டு அப்படி உழைக்கிறார். அந்த மனிதருக்கு ஒரு கதையாவது கொடுத்திருக்கக் கூடாதா?