ஓட்டையை அடைக்காதீர்கள், ஐயா!

பழைய காரை வைத்துக்கொண்டு கடலோரத்தில் குடியிருப்பவனுக்கு ஊரில் உள்ள அத்தனை பேரும் மெக்கானிக். டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினால் போதும், டீ ஆறுவதற்குள் நான்கு வைத்தியம் வந்துவிடும். ரேடியேட்டர் ஒழுகுகிறதா, ஒரு கரண்டி மஞ்சள்தூள் போடு. பெட்ரோல் டேங்க் கசிகிறதா, குளியல் சோப்பைத் தேய்த்துவிடு. தரைத் தகடு ஓட்டையா, வள்ளம் கட்டுகிற இடத்தில் சொல்லி ஃபைபர் ஒட்டிவிடு. இந்த யோசனைகளுக்கு யாரும் காசு கேட்பதில்லை. அடுத்த மாதம் அதனால் வருகிற செலவில் பங்கு போடவும் யாரும் வருவதில்லை.

எனக்கு ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். மல்லிகை நாற்றுத் தொழில். 1998-ல் பதிவான மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. நாற்றுக் கட்டுகளைப் பின் சீட்டில் அடுக்கிக்கொண்டு உச்சிப்புளி, ராமநாதபுரம் என்று சுற்றுவதும், அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவதும் இதில்தான். விற்றால் பழைய இரும்பு விலைதான் தேறும். புது வண்டி வாங்கினால் தவணை கழுத்தை நெரிக்கும். அப்படியே கடன்பட்டு வாங்கினாலும் அதை நிறுத்தப்போவது இதே வாசலில், இதே காற்றில். ஆகவே "எதற்கப்பா இன்னும் இந்தத் தகரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறாய்" என்று கேட்கிறவர்கள் தயவுசெய்து கேள்வியை நிறுத்திக்கொள்ளலாம். 796 சிசி எஞ்சினில் எந்தக் குறையும் இல்லை, முதல் திருப்பிலேயே எடுக்கிறது. செத்துக்கொண்டிருப்பது அதைச் சுமக்கிற உடம்பு.

துரு எங்கள் ஊருக்குப் புதிதா என்ன? 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தையே உப்புக்காற்று விட்டுவைக்கவில்லை. தூக்குப் பகுதி அரித்துப்போய் 2022 டிசம்பரில் ரயில் நின்றது. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பி, துருவைத் தடுக்கும் பாலிசிலாக்சேன் பூச்சு என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். மண்டபத்தில் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் அரிமான ஆய்வு நிலையமே இருக்கிறது. உலோகம் எவ்வளவு சீக்கிரம் அழிகிறது என்று அளந்து பார்ப்பதற்குத் தோதான இடம் என்று விஞ்ஞானிகளே தேர்ந்தெடுத்த காற்றைத்தான் நாங்கள் சுவாசித்துக்கொண்டிருக்கிறோம். அந்தக் காற்றில் ஒரு காரை இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஓட்டுகிறவனிடம் போய் "கொஞ்சம் பட்டி போட்டால் சரியாகிவிடும் சார்" என்று, ஓட்டையில் பசையை அப்பித் தேய்த்து மறைக்கிற வேலையைச் சொன்னால் வயிறு எரியுமா, எரியாதா?

கடலுப்பில் சோற்றுப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருக்கிறது. அது காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தன்னோடு வைத்துக்கொள்ளும். அதனால்தான் சித்திரை மாதத்து மத்தியான வெயிலில்கூட மட்கார்டின் உட்புறத்தை விரலால் தடவினால் பிசுபிசுக்கிறது. மழையே பெய்யாத நாளிலும் இரும்புக்கு ஈரம் கிடைத்துக்கொண்டே இருக்கிறது. அதன் மேல் எதைப் பூசினாலும் ஈரம் உள்ளேயே அடைபட்டு நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டுவேலை எனக்கு எதிரி இல்லை. ஒட்டுவேலை இல்லாமல் இந்த வண்டி பாம்பன் பாலத்தைத் தாண்டியிருக்காது. ரேடியேட்டருக்கு எங்கள் ஊர் உப்புப் போர் தண்ணீரை ஊற்றினால் எஞ்சினின் அலுமினிய ஹெட் அரித்துப்போகும் என்பதால், பக்கத்து மருந்துக்கடை ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைக் கேனில் பிடித்து வைத்து, கூலன்ட்டோடு கலந்து ஊற்றுகிறேன். செலவு பூஜ்யம். பேட்டரி முனையில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்தால் ஆப்பசோடா கலந்த வெந்நீர், துடைத்துக் காயவிட்டு மேலே கொஞ்சம் வாசலின். தண்ணீர் ஓஸ் வெடித்தால் சைக்கிள் டியூபைப் பட்டையாகக் கிழித்து இழுத்துச் சுற்றி, வலை பின்னுகிற நைலான் நூலால் இறுக்கிக் கட்டினால் ராமநாதபுரம் போய்ச் சேரலாம். முகப்பு விளக்கு மங்கினால் பல்பை மாற்று, ஆல்டர்னேட்டரை மாற்று என்று ஆயிரக்கணக்கில் பேசுவார்கள். எர்த் ஒயர் பாடியைத் தொடும் இடத்தில் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, திரும்ப முடுக்கினால் பாதித் தடவை அதிலேயே வெளிச்சம் வந்துவிடும். இவை எல்லாமே மலிவு. எல்லாமே கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்கின்றன. கெட்டுப்போனால் கெட்டுப்போனது உடனே தெரியும்.

மஞ்சள்தூளும்கூட அந்தந்த நேரத்துக்குச் சரிதான். தூள் போய்ச் சின்ன ஓட்டையில் அடைத்துக்கொள்ளும், வீடு வந்து சேரலாம். வந்ததும் கழுவி வெளியேற்றிவிட்டு ஓட்டைக்கு ஈயம் வைக்க வேண்டும். ஆனால் நம் ஆள் ஒழுகல் நின்றதும் அதை மறந்துவிடுவான். ஓட்டையை அடைத்த அதே தூள் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும். பிறகு எஞ்சின் கொதிக்கும், ஹெட் கேஸ்கெட் போகும், கடைசியில் "இந்தக் கம்பெனி வண்டியே இப்படித்தான்" என்று தீர்ப்பு வேறு. சோப்பும் அப்படித்தான். பெட்ரோலில் அது கரையாது என்பதால் கசிவை நிறுத்தும், தண்ணீரில் கரைந்துவிடும். ஐப்பசி மழையில் ஒரு முறை ரோட்டுத் தண்ணீர் தெறித்தால் மறுபடி கசிவுதான்.

சைக்கிள் டியூபைப் பெட்ரோல் ஓஸில் சுற்றுகிறவர்களை என்ன சொல்வது? அந்த ரப்பர் பெட்ரோல் பட்டதும் ஊதிக் கொழகொழத்துப் போகும். அதற்கு நேர் மேலே சூடான எஞ்சின். இப்போது பங்கில் ஊற்றுவது இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், என் வண்டியின் ஓஸும் கேஸ்கெட்டும் அந்தக் கலவையை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும், எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமே கிடையாது. எத்தனாலைத் தாங்குகிற புது ஓஸ் ஒரு மீட்டர் என்ன பெரிய விலை? அதில் மிச்சம் பிடிக்கிறானாம். ஃபியூஸ் போனால் ஒயரை உரித்துச் செம்புக் கம்பியைச் சொருகுகிறவனும் இந்தக் கூட்டம்தான். ஃபியூஸ் எரிந்திருந்தால் அதோடு போயிருக்கும். கம்பி எரியாமல் தாங்குகிறது, அதனால் ஒயர் கட்டே பற்றிக்கொள்கிறது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்க முடியாதது பட்டி.

ஒரு பட்டறையில் ரன்னிங் போர்டை, அதாவது கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடுகிற தகட்டுப் பகுதியை, "சுத்தமாகச் செய்து கொடுத்தார்கள்". பளபளவென்று இருந்தது. பிறகு ஒரு நாள் உச்சிப்புளிக்கு முன்னால் சீமைக்கருவேல முள் ஏறி டயர் பஞ்சர். ஸ்டெப்னியை இறக்கி வைத்து, கதவுக்குக் கீழே ஜாக்கியைக் கொடுத்துத் திருகினால், வண்டி மேலே எழவில்லை. ஜாக்கி வண்டிக்குள் போனது. பெயின்ட் அப்பளம் போல நொறுங்கியது, உள்ளே பட்டி, பட்டிக்கு உள்ளே பழைய செய்தித்தாள். ஆமாம், செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, மேலே பட்டியை அப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். தாளில் ஊறிய உப்பு ஈரம் மிச்சமிருந்த இரும்பையும் தின்று முடித்திருந்தது. திரும்பக் கொண்டுபோய்க் காட்டினால், "கடலோர வண்டி என்றால் அப்படித்தான் சார்" என்கிறார். கடலைக் குற்றம் சொல்வது எவ்வளவு வசதி! காகிதத்தை உள்ளே வைத்தது கடலா?

ஃபைபர் விஷயமும் இதே கதை. எங்கள் கரையில் ஃபைபர் வேலை தெரிந்த கைகளுக்குக் குறைவில்லை. ரெசின் தடவிக் கண்ணாடியிழை மேட் ஒட்டி ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுவார்கள், அந்தக் கைவேலை மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் வள்ளத்தில் ஃபைபருக்கு அடியில் இரும்பு கிடையாது, காரில் இருக்கிறது. துருவின் மேல் ரெசின் பிடிக்காது. ஒட்டியது போலக் காட்டிக்கொண்டிருக்கும், அடியில் தகடு உரிந்துகொண்டே போகும். ஒரு நாள் சீட்டைப் பிடித்திருக்கிற போல்ட்டே ஆடும்போதுதான் தெரியும். அலுமினியத் தகட்டை ரிவெட் அடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். உப்பு ஈரத்தில் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் முதலில் அரிக்கும். வெள்ளைப் பொடி உதிர்ந்து, ரிவெட் தனியாகத் தொங்கும்.

இப்போது தலைப்பில் சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். கார் கதவின் அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும், குனிந்து பாருங்கள். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்குகிற மழைத்தண்ணீர் வெளியேறத்தான் அவை. ரன்னிங் போர்டிலும் உண்டு. வண்டியைச் செய்தவன் யோசித்து வைத்த வழி அது. அதைத்தான் டிங்கரிங் செய்கிறவர் "ஓட்டை" என்று பட்டி வைத்து அடைக்கிறார்! அடைக்காமல் விட்டால் மணல் அடைக்கிறது. கச்சான் காற்று காலத்தில் எங்கள் தெருவில் மணல் எங்கேதான் புகாது? அடைபட்ட கதவைத் திறந்து சாத்தினால் உள்ளே தண்ணீர் தளும்புகிற சத்தம் கேட்கும். உப்புத்தண்ணீரை வயிற்றில் வைத்துக்கொண்டு கதவு எத்தனை நாள் தாங்கும்? ஒரு சைக்கிள் கம்பியை வைத்துக் குத்தினால் கறுப்புச் சேறும் துருச்செதிலுமாகக் கொட்டும். பிறகு ஆஸ்பத்திரி சிரிஞ்சில் ஒரு குழாயை மாட்டி, துளை வழியாகக் கொஞ்சம் கியர் ஆயிலை உள்ளே பீய்ச்சினால் போதும். பத்து நிமிட வேலை. இதைச் சொன்னால் பட்டறையில் சிரிக்கிறார்கள். காசு வாங்க முடியாத வேலை அல்லவா?

அடுத்த அறிவுரை, "அடிக்கடி தண்ணீர் அடித்துக் கழுவு." சரி, எந்தத் தண்ணீரால்? வாட்டர் சர்வீஸில் பீச்சியடிப்பது போர் தண்ணீர், வாயில் வைத்தால் கரிக்கும். பணம் கொடுத்து வண்டிக்கு உப்பு ஏற்றச் சொல்கிறார்கள். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் தள்ளுவண்டியில் குடங்களை ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாய் அலைகிற பெண்களைப் பாருங்கள். சமைக்கவும் குடிக்கவும் அவர்கள் இழுத்து வருகிற தண்ணீரைச் சக்கரத்தில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்தால் வண்டியை வெளியே நிறுத்துகிறேன், அதுதான் என் வாட்டர் சர்வீஸ். அடிப்பாகத்தில் பழைய எஞ்சின் ஆயிலை அடித்துவிடு என்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது சொட்டுகிற மணலுக்குச் சில அடி கீழேதான் இந்தத் தீவின் கொஞ்சநஞ்ச நன்னீர் நிற்கிறது. என் நாற்றுகள் குடிப்பதும் அதைத்தான்.

இத்தனைக்கும் மேல் கட்டணம். பதினைந்து வருடம் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். 2023-ல் ஐயாயிரம் கட்டினேன், 2028-ல் பத்தாயிரம் கட்ட வேண்டும். புதுப்பிக்க ஆர்டிஓ ஆபீஸில் வண்டியைக் காட்டுவதற்கு முந்தைய வாரம் ஊரே பட்டிக்கும் பெயின்டுக்கும் வரிசையில் நிற்கிறது. கையில் இருக்கிற காசு கட்டணத்துக்கும் மேல்பூச்சுக்கும் போய்விட்டால், தகடு மாற்ற எதை வைத்து மாற்றுவான்?

அந்தப் பத்தாயிரம் என் கையில் இருந்தால் இரண்டு பக்க ரன்னிங் போர்டிலும் செத்த இரும்பை வெட்டி எடுத்து, புதுத் தகடு வைத்து, வெல்டிங் முடித்து, பிரைமர் அடித்து, துளைகளைத் திறந்தபடியே விடச் சொல்வேன். இப்போது ஒரு பக்கத்துக்குத்தான் முடிகிறது, அதையாவது செய்யச் சொல்லிப் போன வாரம் வேறொரு பட்டறையில் கேட்டேன். "வெட்டி வெல்டு வைத்தால் இரண்டு நாள் ஆகும் சார். பட்டி என்றால் மத்தியானமே வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம்" என்றார்.

ஆகட்டும், நான்கு நாள் ஆகட்டும். சாவியைக் கொடுத்துவிட்டேன். வெல்டிங் முடிந்ததும், பெயின்ட் அடிப்பதற்கு முன்னால் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். நான் வந்து துளைக்குள் கம்பியை விட்டுப் பார்த்த பிறகுதான் மிச்சப் பணம். அதுவரை நாற்றுக்கட்டோடு பஸ்ஸில் போகிறேன். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டால் அதையும் கொடுத்துத் தொலைக்கிறேன்.