பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரை தலைமை ஆசிரியர் நியமிக்கலாமா?

‘தலைமை ஆசிரியர் கைகாட்டுபவரே பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர், ஆட்சேபிக்க முடியாது’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறு.

தமிழக அரசுப் பள்ளிகளில் தலைவர் பெற்றோரிலிருந்து தேர்வாக வேண்டும். தலைமை ஆசிரியர் கூட்டுநர் (கூட்டத்தைக் கூட்டுபவர்) மட்டுமே. கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21-ன்படி முக்கால்வாசி உறுப்பினர்கள் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 24 பேர் குழுவென்றால் குறைந்தது 18 பெற்றோர், 12 பெண்கள்.

சச்சரவு தீர்மானப் பதிவேட்டில் தொடங்கலாம். வெற்றுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தலைவர் பெயரைப் பிறகு எழுதக்கூடும். அப்படிக் கையெழுத்திடாதீர்கள். கைதூக்கி வாக்களித்தால் எண்ணிக்கையை அங்கேயே எழுதச் சொல்லுங்கள். மறுத்தால், தேதி, வந்திருந்தோர் பெயருடன் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். தொடக்க, நடுநிலைப் பள்ளியென்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம். நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்க மறக்காதீர்கள். உதவிபெறாத தனியார் பள்ளிகளுக்குப் பிரிவு 21 பொருந்தாது.