மலையிலிருந்து கூப்பிட்டால் வழியையும் கணக்கில் எடுங்கள்

இசை விழா நடத்துகிற நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். மலையிலிருந்து ஒரு குழுவைக் கூப்பிட்டால், அவர்கள் மேடையில் நிற்கிற நேரத்துக்கு மட்டும் கணக்குப் போடாதீர்கள். வீட்டைப் பூட்டிக் கிளம்புவதிலிருந்து திரும்பி வந்து திறக்கிற வரை எல்லாமே அந்த நிகழ்ச்சியில் சேர்ந்ததுதான்.

பொங்கலையொட்டிச் சென்னையில் ஒரு விழாவுக்குப் போய் வந்தோம். நீலகிரி மலையில் பந்தலூர்ப் பக்கத்துக் குழு எங்களுடையது. தப்பு என்கிற தோல் பறை, கிடார், கீபோர்டு, அப்புறம் பாடுகிறவர்கள். எல்லோரும் இலங்கையிலிருந்து வந்த குடும்பங்கள். 1964இல் இரு நாடுகளும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாக முடிவானது. அப்படி வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கொடுக்க 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள்தான் இன்றைய டான்டீ நிறுவனம். ஆட்களோடு தப்பும் வந்தது. இலங்கைத் தோட்டத்தில் விடியற்காலையில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, ஆள் கூப்பிடத் தப்பு அடிப்பார்கள். மாசியில் மன்மதன் கதையை ஆடுகிற காமன் கூத்துக்கும் தப்பு, சாவு வீட்டுக்கும் தப்பு. அடிதான் வேறு வேறு. எங்கள் குழுவில் மூத்தவரை எல்லோரும் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவோம். இந்த அடிகளைத் தன் அப்பாவிடம் கற்றவர் அவர். எங்கள் பாட்டெல்லாம் அவற்றின் மேல்தான் நிற்கிறது.

பந்தலூரில் காலையில் பஸ் ஏறி, கூடலூரில் மாறி, நடுவட்டம் வழியாக ஊட்டி. கூடலூரிலிருந்து ஊட்டி 50 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறக்குறைய 1,000 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். அப்புறம் குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் வரை இறக்கம். ராத்திரி நீலகிரி எக்ஸ்பிரஸ், விடிந்தால் சென்னை. கீபோர்டுக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட். தப்பைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார் பெரியப்பா, யாரிடமும் கொடுக்கவில்லை.

காரணம் இருக்கிறது. ஜனவரியில் ஊட்டியில் உறைபனி. ஈரம் ஏறினால் தோல் தளர்ந்துவிடும், தட்டினால் பொத்தென்று கேட்கும். நெருப்பில் காய்ச்சினால்தான் முறுக்கேறிக் கணீரென்று எழும். சென்னைக்கு வந்தாலும் கடற்காற்றின் ஈரம் விடாது. கிடாருக்கு வேறு தொல்லை. குளிரில் சுருதி கூட்டிய கம்பி கீழே வந்ததும் சூட்டில் இளகி இறங்கிவிடும்.

அரங்கத்துக்குப் பின்னால் கொஞ்சம் வைக்கோல் கொளுத்திக்கொள்கிறோம் என்று கேட்டோம். பந்தல் இருக்கிறது, நெருப்பு கூடாது என்றார்கள். அது நியாயம்தான். ஆனால் மாற்று ஏற்பாடு என்ன என்று அங்கே ஒருவரும் யோசித்திருக்கவில்லை. ‘ஃபைபர் தப்பு இருக்கே அண்ணே, அதுல அடிக்கலாமே’ என்றார் ஒரு தம்பி. மழையில் ஊர்வலம் போகும்போது நாங்களும் அதை அடிப்பதுண்டு. ஆனால் மெல்லிய சிண்டுக்குச்சியின் சத்தம்தான் அதில் தூக்கலாகக் கேட்கும், தடித்த அடிக்குச்சியின் கனம் வராது. கனம் போனால் கூத்து அடி எது, பெரட்டு அடி எது என்று காதுக்குத் தெரியாமல் போய்விடும்.

பெரியப்பா ஒன்றும் பேசாமல் தப்போடு தெருவுக்குப் போனார். எதிரே ஒரு டீக்கடை. விஷயத்தைக் கேட்ட மாஸ்டர் பால் பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு, தீயைக் குறைத்து அடுப்பைக் கொடுத்தார். தோலை ஒரு முழ உயரத்தில் பிடித்து வட்டமாகச் சுற்றிக்கொண்டே இருந்தார் பெரியப்பா. ஒரே இடத்தில் நிறுத்தினால் கருகிவிடும். நடுநடுவே காதருகே கொண்டுபோய் விரலால் சுண்டிப் பார்த்தார். சத்தம் ஏறி வருவது தள்ளி நின்ற எங்களுக்கே கேட்டது. அந்த மாஸ்டர் செய்த உதவியை நாங்கள் மறக்க மாட்டோம்.

ஓடி வந்தால் மேடையில் பேச்சு முடியவில்லை. காய்ச்சிய தோல் கொஞ்ச நேரம்தான் தாங்கும். எங்கள் முறை வரும்போது அது மறுபடி இறங்கிவிட்டது. அரை மணி நேரம் என்று சொல்லியிருந்ததும் பத்து நிமிஷமாகச் சுருங்கியது. பேசியவர்கள் தாண்டிய நேரத்தையெல்லாம் வாசிக்க வந்தவர்களிடம் பிடித்தம் செய்தார்கள்.

இன்னொன்று. எங்களை ‘நீலகிரிப் பழங்குடி இசைக்குழு’ என்று அறிவித்தார்கள். நாங்கள் பழங்குடி இல்லை. கோத்தர், பணியர், குறும்பர், இருளர் இசை இந்த மலையில் எங்களுக்கு வெகுகாலம் முன்பிருந்தே இருக்கிறது. கோத்தரின் கொள் என்கிற ஊதுகுழல் வாசிப்பைக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு தனியானது என்று தெரியும். அவர்கள் பெயரில் நாங்கள் கைதட்டல் வாங்குவது அவர்களுக்கும் அநியாயம், கடல் தாண்டிப் போய் வந்த எங்கள் தாத்தா பாட்டிமாருக்கும் அநியாயம். ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

தன்னார்வலப் பிள்ளைகள் பாசமாகப் பார்த்துக்கொண்டார்கள், சாப்பாடும் குறையில்லை. விழாக்களே வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. 2007இல் சென்னை சங்கமம் தொடங்கி, பூங்காவிலும் தெருவிலும் நாட்டுப்புறக் கலைஞர்கள் ஆடியபோது நகரத்துச் சனம் நின்று பார்த்தது. 2023இல் அது திரும்ப வந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். இப்படிப்பட்ட விழாக்கள் இன்னும் நிறைய வேண்டும் என்பதால்தான் கேட்கிறேன்.

வழிச்செலவைக் கிளம்பும் முன்பே கையில் கொடுங்கள். ‘பில் அனுப்புங்கள், பிறகு பார்க்கலாம்’ என்றால், கொழுந்து பறித்து நாள் கூலி வாங்குகிற அக்கா எங்கே போவார்? அவருக்கு வராத நாளின் கூலியும் போகிறது, அதையும் சன்மானத்தில் சேருங்கள். ரயில் விடியற்காலையில் வருகிறது, அறையை மதியம் திறந்தால் வாத்தியங்களோடு நடைமேடையில்தான் உட்கார வேண்டும். தோல் வாத்தியம் வருகிறதென்றால் பந்தலுக்கு வெளியே ஒரு அடுப்பு, பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீர், கூட ஒரு ஆள். பெரிய செலவே இல்லை. குழுக்கள் குறைந்தாலும் பரவாயில்லை, வருகிற குழுவுக்கு அரை மணி நேரமாவது முழுசாகக் கொடுங்கள்.

கோவையிலிருந்து ஒரு விழாவுக்கு இப்போது கேட்டிருக்கிறார்கள். அடுப்பு உண்டா, எத்தனை நிமிஷம், எங்களை என்ன சொல்லி அறிவிப்பீர்கள் என்று எழுதி அனுப்பியிருக்கிறோம். பதில் வந்த பிறகுதான் டிக்கெட் போடுவோம்.