ரேடியோ அயோடின் எடுத்தவர்களை ஒதுக்கச் சொல்லும் வாட்ஸ்அப் செய்தி தவறு

"தைராய்டு புற்றுநோய்க்கு ரேடியோ அயோடின் எடுத்தவர்கள் உடம்பில் ஆயுளுக்கும் கதிர்வீச்சு இருக்கும், குழந்தை பிறக்காது, பக்கத்தில் போகாதீர்கள்" என்று ஒரு செய்தி குடும்பக் குரூப்களில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

ரேடியோ அயோடின் என்பது தைராய்டு செல்களை அழிக்கக் கொடுக்கும் கதிரியக்க அயோடின், அதாவது அயோடின்-131. அதன் கதிர்வீச்சு சுமார் 8 நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும், அதற்கு முன்பே பெரும்பகுதி சிறுநீரில் வெளியேறிவிடும். தனியாகப் படுப்பது, கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் ஊற்றுவது, சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் விட்டுத் தள்ளியிருப்பது எல்லாம் டாக்டர் சொல்லும் நாட்கள் வரைக்கும்தான். பெண்களைக் கர்ப்பத்துக்குப் பொதுவாக 6 மாதமாவது பொறுக்கச் சொல்வார்கள், அப்புறம் பிள்ளை பெற்றவர்கள் நிறையப் பேர். தைராய்டு ஹார்மோனுக்குப் பதிலாக எடுக்கும் தைராக்சின் மாத்திரையை மட்டும் கர்ப்பத்திலும் நிறுத்தக்கூடாது, அளவைக் கூட்ட வேண்டிவரலாம்.

சரி, "இதெல்லாம் லேசான கேன்சர்" என்று தட்டிக்கழிப்பதும் நியாயமில்லை. பலருக்கு அசதி விடாது, சிலருக்கு எச்சில் சுரப்பி பாதித்து வாய் காய்ந்து, வெறும் சோற்றைக்கூடத் தண்ணீர் குடித்துக் குடித்துத்தான் விழுங்க முடியும், ஒவ்வொரு கழுத்து ஸ்கேனுக்கு முன்னாலும் திரும்ப வந்துவிடுமோ என்ற பயம் வேறு. இத்தனைக்கும் நடுவில் சொந்தக்காரர்களே தள்ளி உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

சந்தேகமிருந்தால் அமெரிக்கன் தைராய்டு அசோசியேஷன் இணையதளத்தில் நோயாளிகளுக்கான பக்கத்தைப் பாருங்கள், இல்லையென்றால் சிகிச்சை கொடுத்த அணு மருத்துவப் பிரிவில் கேளுங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் அதே குரூப்பில் இதையும் போட்டுவிடுங்கள்.